பட்டம் பெறாத பேராசிரியர்

கணிப்பொறி அறிவியலை இளங்கலை நிலையில் பயிலும் மாணவர் எவரும் முதலாண்டு முடிவதற்குள் ஒரு பெயரைச் சந்தித்துவிடுவர். மின்சுற்றுகளைப் பற்றிய பாடத்தில் 'பூலியன் இயற்கணிதம்' என்றொரு பகுதி இருக்கும். நிரல் எழுதப் பழகும்போது மெய், பொய் என்னும் இரண்டு மதிப்புகளை மட்டுமே ஏற்கும் மாறிக்கும் அப்பெயரே வழங்கும். மேல் ஆண்டுகளில் தரவுத்தளத்தில் தேடும்போதும், எழுதிய நிரல் பிழையற்றது என்று நிறுவ முயலும்போதும், சில்லுகளின் அமைப்பை ஆராயும்போதும் அது மீண்டும் மீண்டும் எதிர்ப்படும். தேர்வுக்காக அதன் விதிகளை மனப்பாடம் செய்வோர் பலர். அப்பெயருக்குரிய மனிதர் யார், எங்கிருந்து வந்தார், எவ்வளவு பாடுபட்டார் என்று வினவுவோர் மிகச் சிலரே.

அவர் காலணி செய்யும் தொழிலாளி ஒருவரின் மகன். மாணவராக எந்தப் பல்கலைக்கழகத்தின் படியையும் மிதியாதவர். பதினாறு வயதில் குடும்பத்தின் சுமையைத் தோளில் ஏற்றவர். பட்டம் ஏதுமின்றியே பேராசிரியர் ஆனவர். கணிப்பொறி என்னும் கருவி தோன்றுவதற்கு ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே அக்கருவிக்குரிய கணிதத்தை எழுதி வைத்துவிட்டு, அதனால் விளையப்போகும் பயனில் ஒரு துளியையும் காணாமல் மறைந்தவர். ஜார்ஜ் பூல் என்னும் அவ்வறிஞரின் வரலாறு, ஏழ்மைக்கும் கல்விக்கும் இடையே போராடும் குடும்பங்களிலிருந்து வரும் நம் மாணவர்கள் அறிய வேண்டிய ஒன்றாகும்.

லிங்கன் நகரத்துச் சிறுவர்

இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில், குன்றின்மீது பழம்பெரும் தேவாலயம் ஒன்றைக் கொண்டு விளங்குவது லிங்கன் நகரம். அந்நகரில் 1815-ஆம் ஆண்டு நவம்பர் 2-ஆம் நாள் ஜான் பூல், மேரி ஆன் இணையரின் மூத்த மகனாக ஜார்ஜ் பிறந்தார். தந்தை காலணி செய்து விற்றுப் பிழைத்தவர். தாய் செல்வர் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். ஜார்ஜுக்குப் பின் மேலும் மூன்று குழந்தைகள் பிறந்தனர்.

தந்தையின் கைகள் தோலைத் தைத்தனவே தவிர, நெஞ்சம் வானத்தையும் கண்ணாடி வில்லைகளையும் சுற்றியே திரிந்தது. தம் கையாலேயே தொலைநோக்கி செய்து, வானத்தைக் காண விரும்புவோர் யாவரும் வந்து காணலாம் என்று கடையில் அறிவிப்பு வைத்தவர் அவர் என்பர். வணிகத்தில் அவர் கருத்து நிலைக்கவில்லை, வருவாயும் நிலைக்கவில்லை. ஆயினும் மகனுக்குக் கணக்கின் முதற்பாடங்களைச் சொல்லித் தந்தவர் அவரே. ஏட்டுக் கல்வி மிகுதியாக இல்லாத அத்தந்தை மகனுக்குத் தந்த சொத்து அறிவின்மேல் கொண்ட காதல் ஒன்றுதான். அச்சொத்து கரையவே இல்லை.

ஊரிலிருந்த புத்தக வணிகர் ஒருவரிடம் ஜார்ஜ் இலத்தீன் மொழியின் அடிப்படைகளைக் கற்றார். கிரேக்கத்தைத் தாமே நூல்களைக் கொண்டு பயின்றார். பதினான்காம் வயதில் அவர் மொழிபெயர்த்த கிரேக்கக் கவிதை ஒன்றைப் பெருமிதம் தாளாத தந்தை உள்ளூர் இதழில் வெளியிடச் செய்தார். அதனைப் படித்த பள்ளி ஆசிரியர் ஒருவர், இவ்வயதுச் சிறுவன் இதனைச் செய்திருக்க இயலாது என்று ஐயுற்று இதழிலேயே மறுத்து எழுதினார். ஏழை வீட்டுப் பிள்ளையின் திறமை, முதலில் பாராட்டைப் பெறாமல் ஐயத்தையே சந்திப்பது எந்நாட்டிலும் காணப்படும் இயல்பு போலும். பின்னர் பிரெஞ்சு, செருமன், இத்தாலிய மொழிகளையும் அவர் தம் முயற்சியாலேயே கற்றுத் தேர்ந்தார்.

பதினாறு வயதில் குடும்பச் சுமை

சமயப் பணியில் ஈடுபட வேண்டும் என்பதே இளமையில் அவர் கொண்ட விருப்பம். தந்தையின் தொழில் சரிந்தபோது அவ்விருப்பமும் சரிந்தது. 1831-ஆம் ஆண்டில், பதினாறு வயது நிரம்பாத நிலையில், டான்காஸ்டர் என்னும் ஊரின் பள்ளி ஒன்றில் துணை ஆசிரியராகச் சேர்ந்தார். அன்று முதல் பெற்றோரையும் உடன்பிறந்தோரையும் காக்கும் பொறுப்பு அவருடையதாயிற்று.

அப்பள்ளி சமயக் கட்டுப்பாடு மிக்கது. ஓய்வு நாளாகிய ஞாயிற்றுக்கிழமையிலும் அவர் கணித நூல்களைப் புரட்டுகிறார் என்ற குறை எழுந்தது. அங்கே நெடுநாள் நீடிக்க முடியவில்லை. லிவர்பூலிலும், லிங்கனை அடுத்த வாடிங்டன் என்னும் சிற்றூரிலும் பணியாற்றிய பின், 1834-இல் தம் பத்தொன்பதாம் வயதில் லிங்கனில் சொந்தமாக ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1838-இல் வாடிங்டன் பள்ளியின் பொறுப்பையும் ஏற்றார். இரண்டாண்டுகளுக்குப் பின் லிங்கனுக்கே திரும்பி விடுதியுடன் கூடிய பள்ளியை நடத்தினார். குடும்பத்தினரும் அப்பணியில் துணை நின்றனர்.

பகல் முழுவதும் சிறுவர்க்கு எழுத்தும் எண்ணும் கற்பித்து, இரவில் விளக்கடியில் தம் பாடத்தைத் தொடங்குவார். இலக்கியத்தில் பற்றுக்கொண்டிருந்த அவர் கணிதத்தின்பால் திரும்பியதற்கு ஒரு காரணம் கூறுவர். வாங்கும் வசதி குறைந்தவர்க்குக் கணித நூலே சிக்கனமானது. ஏனெனில், ஒரு கதை நூலைச் சில நாள்களில் முடித்துவிடலாம், ஒரு கணித நூலோ பல திங்கள்களுக்குத் துணையாக வரும். லக்ராய் எழுதிய நுண்கணித நூலையும், லக்ராஞ்சு, லாப்லாசு ஆகிய பிரெஞ்சு மேதைகளின் பெருநூல்களையும் வழிகாட்டுவார் எவருமின்றி அவர் பயின்றார். வழிகாட்டி இருந்திருந்தால் ஒரு பக்கத்தைக் கடக்க இத்தனை நாள்கள் ஆகியிருக்கமாட்டா என்று அவர் பின்னாளில் எண்ணியதுண்டு. எனினும் அந்தத் தனிமையே எதனையும் பிறர் கண்கொண்டு பாராமல், தம் கண்கொண்டு பார்க்கும் பழக்கத்தை அவருக்குத் தந்தது.

இரவல் நூல்கள்

தாமே கற்றார் என்று கூறும்போது, அவர் வளர்ந்த ஊரின் பங்கினை மறந்துவிடலாகாது. தொழிலாளர்க்கு அறிவியல் அறிவைப் பரப்பும் நோக்குடன் அக்காலத்தில் இங்கிலாந்தின் நகரங்கள் பலவற்றில் கல்விக் கழகங்கள் தோன்றின. லிங்கனிலும் அத்தகைய கழகம் ஒன்று எழுந்தது. அதன் காப்பாளராக இருந்தவர் ஜார்ஜின் தந்தை. அதன் நூலகத்திற்கு வந்த அறிவியல் இதழ்களும் நூல்களும் இளம் பூலின் பசிக்கு உணவாயின. 1835-இல் அக்கழகத்திற்கு நியூட்டனின் மார்பளவுச் சிலை அன்பளிப்பாக வந்தபோது, அவ்வறிஞரைப் பற்றி உரையாற்றும் வாய்ப்பு பத்தொன்பது வயது பூலுக்கு அளிக்கப்பட்டது. அவ்வுரையே அச்சேறிய அவரது முதல் அறிவியல் எழுத்தாகும்.

அப்பகுதியில் வாழ்ந்த எட்வர்டு பிராம்ஹெட் என்னும் செல்வர் தம் நூலகத்தை அவருக்குத் திறந்துவிட்டார். கேம்பிரிட்ஜில் பயின்ற அப்பெருமகனார், நாட்டிங்காமில் மாவு ஆலை நடத்திக்கொண்டே கணிதம் பயின்ற ஜார்ஜ் கிரீன் என்பவரையும் ஆதரித்து வளர்த்தவர். ஆலைக்காரர் ஒருவரையும் காலணித் தொழிலாளியின் மகன் ஒருவரையும் கணித உலகத்திற்கு அளித்த புண்ணியம் அவருக்கு உண்டு. அவர் வாரி வழங்கியதாகப் பெருஞ்செல்வம் எதுவும் இல்லை; வழங்கியவை இரவல் நூல்களும் ஊக்கமொழிகளுமே.

கேம்பிரிட்ஜிலிருந்து வெளிவந்த கணித இதழுக்குப் பூல் கட்டுரைகள் அனுப்பலானார். அதன் ஆசிரியரான டங்கன் கிரெகரி அவற்றை விரும்பி ஏற்றார். கேம்பிரிட்ஜில் சேர்ந்து பட்டம் பெறலாமா என்று பூல் அவரிடம் அறிவுரை கேட்டதும் உண்டு. அங்குச் சேர்ந்தால் சொந்த ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்துவிட்டுத் தேர்வுக்குரிய பயிற்சியிலேயே ஆண்டுகளைக் கழிக்க நேரும் என்று கிரெகரி எச்சரித்தார். பள்ளியை மூடினால் பெற்றோரின் வாழ்வு என்னாகும் என்ற கவலையும் முன்னின்றது. பட்டத்தின் ஆசையை அவர் அத்துடன் விட்டார், ஆராய்ச்சியை விடவில்லை. 1844-இல் வேற்றுமைச் சமன்பாடுகளைத் தீர்க்கும் முறை குறித்து அவர் எழுதிய கட்டுரைக்கு இலண்டன் ராயல் கழகம் தங்கப் பதக்கம் வழங்கியது. சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் கற்றோர் அவையில் இடம்பெற்ற நாள் அது.

மதுரையிற் பிறந்த நண்பர்

பூலின் வாழ்வில் பெருந்துணையாக அமைந்தவர் அகஸ்டஸ் டி மார்கன். கணிப்பொறி மாணவர் யாவரும் இவர் பெயரையும் அறிவர். டி மார்கன் விதிகள் இரண்டும் பூலியன் இயற்கணிதத்தின் உயிர்நாடி. ஆனால், அவர் 1806-ஆம் ஆண்டில் நம் மதுரையில் பிறந்தவர் என்பதனைப் பலர் அறியார். கிழக்கிந்தியக் கம்பெனியில் படை அலுவலராக இருந்தவர் அவர் தந்தை. கைக்குழந்தையாக இருந்தபோதே ஒரு கண்ணின் பார்வையை இழந்த டி மார்கன், சில திங்கள்களில் இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்டார். இலண்டனில் கணிதப் பேராசிரியராகப் புகழ் பெற்றார். கேம்பிரிட்ஜில் உயர்பட்டம் பெறுவதற்குக் கையொப்பமிட வேண்டியிருந்த சமய உறுதிமொழியைத் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாதது எனக் கருதி மறுத்தவர் அவர். ஆகவே, வாயிலுக்கு வெளியே நிற்பவரின் நிலை அவருக்கு விளங்கும். தில்லியைச் சேர்ந்த ராமச்சந்திரா என்னும் ஆசிரியரின் கணித நூலை 1859-இல் இலண்டனில் வெளியிடச் செய்து, ஐரோப்பிய அறிஞர்க்கு அறிமுகப்படுத்தியவரும் அவரே.

அளவையியல் குறித்து டி மார்கனுக்கும் எடின்பரோவின் தத்துவப் பேராசிரியர் வில்லியம் ஹாமில்டனுக்கும் 1847-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு சச்சரவு மூண்டது. அதனைக் கவனித்து வந்த பூல், இளமையில் தம் உள்ளத்தில் தோன்றிக் கிடந்த எண்ணம் ஒன்றைக் கையில் எடுத்தார். எண்களைக் கணிதக் குறிகளால் ஆள்வது போல மனிதரின் எண்ணங்களையும் குறிகளால் ஆள முடியுமா என்பதே அவ்வெண்ணம். 'அளவையின் கணிதப் பகுப்பாய்வு' என்னும் பொருள்படும் தலைப்பில் ஏறத்தாழ எண்பது பக்கங்கள் கொண்ட சிறு நூல் ஒன்றை அவ்வாண்டிலேயே வெளியிட்டார். அதே காலத்தில் டி மார்கனும் அளவை நூல் ஒன்றை வெளியிட்டார். ஒரே துறையில் ஒரே நேரத்தில் நூல் எழுதிய இருவர் பகைவராவது உலகத்து இயல்பு. இவர்களோ இறுதிவரை நண்பர்களாகவே இருந்தனர்.

எண்ணத்துக்கு ஓர் இயற்கணிதம்

மணிமேகலையில் அளவைவாதியின் உரையைப் பயின்ற தமிழ் மாணவர்க்கு அளவை என்பது புதிதன்று. ஒன்றை அறிந்து, அதிலிருந்து மற்றொன்றை எவ்வாறு பிழையின்றிக் கருதுவது என்பதே அதன் வினா. மேலைநாட்டில் அரிஸ்டாட்டில் வகுத்த அளவை முறை இரண்டாயிரம் ஆண்டுகளாகச் சொற்களாலேயே இயங்கி வந்தது. ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலிலிருந்து பெயர் பெற்ற அல்ஜீப்ராவோ எண்களுக்கே உரியதாக இருந்தது. தனித்தனியே ஓடிய இவ்விரண்டு ஆறுகளையும் ஒன்றாக்கியதே பூல் செய்த அருஞ்செயல்.

அதனை ஓர் எளிய எடுத்துக்காட்டால் விளக்கலாம். நம் கல்லூரி மாணவர் அனைவரையும் 1 என்று குறிப்போம். எவருமே இல்லாத நிலையை 0 என்போம். விடுதியில் தங்குவோரைக் 'க' என்றும், கணிப்பொறித் துறையினரைச் 'ச' என்றும் கொள்வோம். 'க × ச' என்றால் விடுதியில் தங்குகின்ற கணிப்பொறித் துறையினர். '1 − க' என்றால் விடுதியில் தங்காதோர். இவ்வாறு சொற்களால் கூறும் வரையறைகள் யாவும் சமன்பாடுகளாகிவிடுகின்றன.

இனி ஒரு விந்தை. விடுதி மாணவரை ஒருமுறை தேர்ந்தெடுத்து, அவருள் மீண்டும் விடுதி மாணவரையே தேர்ந்தெடுத்தால் அதே கூட்டந்தான் கிடைக்கும். எனவே 'க × க = க' ஆகிறது. வழக்கமான எண்களில் இவ்விதிக்கு உட்படுவன எவை? 2 × 2 என்பது 4. 3 × 3 என்பது 9. 0 × 0 என்பது 0. 1 × 1 என்பது 1. எண்களின் கூட்டத்தில் இவ்விதியை நிறைவு செய்வன 0, 1 என்னும் இரண்டு மட்டுமே. எண்ணத்தின் கணிதத்திற்கு இவ்விரண்டு எண்களே போதும் என்று பூல் கண்டார். அதே சமன்பாட்டை மாற்றி எழுதினால் 'க × (1 − க) = 0' என்று வரும். விடுதியில் தங்குபவராகவும் தங்காதவராகவும் ஒருவர் ஒருங்கே இருக்க முடியாது என்பது இதன் பொருள். ஒன்று இருப்பதும் இல்லாததுமாக ஆகாது என்ற பழைய அளவையின் தலையாய கொள்கை, ஒரு வரிக் கணக்காகச் சுருங்கிவிட்டது.

இம்முறையை விரிவாக்கி, நிகழ்தகவையும் உள்ளடக்கி, 1854-இல் 'எண்ணத்தின் விதிகளைப் பற்றிய ஆராய்ச்சி' என்னும் பொருள்படும் பெருநூலை அவர் வெளியிட்டார். இன்றைய பாடநூல்களில் காணும் வடிவம் அவர் எழுதியது அப்படியே அன்று. பின்வந்த ஜெவன்சு, பியர்சு, ஷ்ரோடர் போன்றோர் கூட்டலின் விதியைத் திருத்தி அதனைச் செம்மைப்படுத்தினர். ஆயினும் அடித்தளம் அவர் இட்டதே.

கார்க் நகரில்

அயர்லாந்தின் கார்க், கால்வே, பெல்பாஸ்ட் ஆகிய மூன்று நகரங்களில், சமய வேறுபாடு பாராது அனைவரையும் சேர்த்துக்கொள்ளும் கல்லூரிகளை நிறுவ 1845-இல் சட்டம் இயற்றப்பட்டது. பூல் பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பித்தார். காட்டுவதற்குப் பட்டம் எதுவும் அவரிடம் இல்லை. டி மார்கன் முதலிய அறிஞர்களும் லிங்கன் நகரத்துப் பெருமக்களும் அளித்த சான்றுரைகளே அவர்தம் தகுதி. முடிவு தெரிய ஆண்டுகள் சில கழிந்தன. அதற்கிடையில் 1848-இன் இறுதியில் தந்தை மறைந்தார். மகன் பேராசிரியர் ஆனதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

1849-இல் கார்க் நகரின் குயின்சு கல்லூரியில் முதல் கணிதப் பேராசிரியராகப் பூல் அமர்த்தப்பட்டார். உருளைக்கிழங்குப் பயிர் நோயால் விளைந்த கொடும் பஞ்சம் பல இலட்சம் உயிர்களைக் குடித்து, மேலும் பல இலட்சம் மக்களைக் கப்பலேறச் செய்த காலம் அது. அத்துயரின் சுவடு ஆறாத நாட்டில் தொடங்கிய கல்லூரிக்கு வந்த மாணவர் பலரின் அடிப்படைப் பயிற்சியும் குறைவாகவே இருந்தது. பள்ளிச் சிறுவர்க்குப் பதினெட்டு ஆண்டுகள் கற்பித்த அனுபவம் அவருக்கு அங்கே கைகொடுத்தது. பாடத்தைப் பொறுமையோடு படிப்படியாக விளக்கும் ஆசிரியர் என்று பெயர் பெற்றார். வேற்றுமைச் சமன்பாடுகள் குறித்து 1859-இலும், அதனை அடுத்த துறை குறித்து 1860-இலும் அவர் எழுதிய பாடநூல்கள் நெடுங்காலம் வழக்கில் இருந்தன.

அவரது சிந்தனை மறதிக்கும் ஒரு கதை வழங்குகிறது. ஒருநாள் வகுப்புக்கு முன்னதாகவே வந்தவர், கரும்பலகைக்கு எதிரே ஏதோ ஒரு கணக்கைச் சிந்தித்தவாறு உலவிக்கொண்டிருந்தார். மாணவர் வந்து அமர்ந்தனர், ஒரு மணி நேரம் காத்திருந்தனர், எழுந்து சென்றனர். அன்று மாணவர் எவருமே வரவில்லை என்று அவர் வீட்டில் வருந்திக் கூறினாராம்.

கல்லூரியின் கிரேக்கப் பேராசிரியரின் உறவினரான மேரி எவரெஸ்ட் என்னும் பெண்மணியை அங்கே அவர் சந்தித்தார். இந்திய நில அளவைத் துறையின் தலைவராக விளங்கியவரும், உலகின் மிகவுயர்ந்த சிகரத்திற்குப் பெயர் தந்தவருமான ஜார்ஜ் எவரெஸ்ட் அப்பெண்மணிக்குப் பெரிய தந்தையார். கணிதத்தில் ஆர்வங்கொண்ட மேரிக்குப் பூல் பாடம் சொல்லித் தந்தார். 1855-இல் இருவரும் மணந்தனர். மேரி அவரினும் பதினேழு ஆண்டுகள் இளையவர். பெண் மக்கள் ஐவர் பிறந்தனர். 1857-இல் ராயல் கழகத்தின் உறுப்பினராகும் சிறப்பும் பூலை வந்தடைந்தது. டப்ளின், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் மதிப்புறு பட்டங்களை வழங்கின. தேடிப் போக இயலாத பட்டங்கள், இவ்வாறு தேடி வந்தன.

மழையில் ஒரு நடை

1864-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களின் இறுதி. ஊருக்கு வெளியே இருந்த வீட்டிலிருந்து கல்லூரிக்கு மூன்று மைல் தொலைவு. வழக்கம்போல் நடந்து சென்ற பூல் கொட்டும் மழையில் சிக்கினார். மாணவர் காத்திருப்பர் என்பதனால் திரும்பவில்லை. நனைந்த உடையுடனேயே நின்று பாடம் நடத்தினார். குளிர் நுரையீரலைப் பற்றியது. காய்ச்சல் முற்றி, டிசம்பர் 8-ஆம் நாள் நாற்பத்தொன்பதாம் வயதில் அவர் உயிர் நீத்தார். கடைசி மகளுக்கு அப்போது வயது ஏழு திங்களே. கார்க்கை அடுத்த பிளாக்ராக்கில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் மறைந்த நாளில் அவரது அளவைக் கணிதத்தால் உலகத்திற்கு விளைந்த பயன் யாது என்று ஒருவர் கேட்டிருந்தால், காட்டுவதற்கு ஒன்றுமில்லை. அதனைக்கொண்டு ஒரு பாலமும் கட்டப்படவில்லை; ஓர் இயந்திரமும் ஓடவில்லை. தத்துவ அறிஞர் சிலரும் கணித அறிஞர் சிலரும் படித்துச் சுவைத்த நூலாகவே அது நூலகத் தட்டுகளில் நின்றது.

வகுப்பறையில் விழுந்த விதை

எழுபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் கிளாட் ஷானன் என்னும் இளைஞர் மின்பொறியியலையும் கணிதத்தையும் ஒருங்கே பயின்று 1936-இல் இரண்டு இளங்கலைப் பட்டங்களைப் பெற்றார். பட்டப் படிப்பின்போது தத்துவத் துறையில் அளவையியல் பாடம் ஒன்றையும் அவர் பயின்றிருந்தார். பூலின் இயற்கணிதம் அங்கேதான் அவர் செவியில் விழுந்தது. மின்பொறியியல் மாணவருக்கு இப்பாடம் எதற்கு என்று அன்று எவரேனும் கேட்டிருந்தால், விடை கூறுவது கடினம்.

அடுத்து அவர் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஒரு பெரிய கணிப்பு இயந்திரத்தைப் பேணும் பணியில் சேர்ந்தார். அதனை ஆட்டிப் படைத்தது ரிலே எனப்படும் மின்விசைகள் அடங்கிய சிக்கலான சுற்று. தொலைபேசி நிலையங்களிலும் அத்தகைய விசைகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. விசை ஒன்று மூடியிருக்கும் அல்லது திறந்திருக்கும். மூன்றாம் நிலை இல்லை. அதனைக் கண்ட ஷானனுக்கு வகுப்பில் கேட்ட 0, 1 நினைவுக்கு வந்தன. இரண்டு விசைகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தால் இரண்டும் மூடியிருந்தாலன்றி மின்சாரம் பாயாது. அதுவே 'உம்' என்னும் இணைப்பு. பக்கவாட்டில் இணைத்தால் ஒன்று மூடியிருந்தாலே போதும், அதுவே 'அல்லது'. ஆகவே, மின்சுற்றைத் தாளில் சமன்பாடாக எழுதலாம். சமன்பாட்டைச் சுருக்கினால் சுற்றும் சுருங்கும். விசைகளும் செலவும் குறையும். தம் இருபத்தொன்றாம் வயதில், 1937-இல், முதுகலைப் பட்டத்திற்காக அவர் எழுதிய ஆய்வேட்டின் சாரம் இதுவே. ஏறத்தாழ அதே காலத்தில் ஜப்பானில் அகிரா நகாஷிமாவும், சோவியத் நாட்டில் விக்டர் ஷெஸ்டகோவும் இவ்வுண்மையைத் தனித்தனியே கண்டனர்.

விசை கணக்குச் செய்வது எங்ஙனம் என்று கேட்கலாம். 0, 1 என்னும் இரண்டே இலக்கங்களால் எண்ணும் இரும முறையில் ஒன்றும் ஒன்றும் கூடினால் 10 என்று எழுதுவர். இவ்விடையின் வலப்பக்க இலக்கம், கூட்டப்படும் இரண்டில் ஒன்று மட்டும் 1 ஆக இருக்கும்போதே 1 ஆகிறது. இடப்பக்க இலக்கம், இரண்டும் 1 ஆக இருக்கும்போதே 1 ஆகிறது. முன்னது 'இரண்டில் ஒன்று மட்டும்' என்னும் அளவை. பின்னது 'உம்' என்னும் அளவை. எனவே, அளவையைச் செய்யவல்ல சுற்று கூட்டலையும் செய்யவல்லதாகிறது. கூட்டல் வந்தபின் ஏனைய கணக்குகள் வருவதற்குத் தடையில்லை. இன்று ஒரு சில்லில் பலகோடி மின்விசைகள் அடங்கியிருப்பினும், ஒவ்வொன்றும் ஆற்றுவது பூல் வகுத்த அந்த எளிய பணியையே. கைப்பேசியும், வங்கிக் கணக்கும், தொடர்வண்டி முன்பதிவும் அவ்வடித்தளத்தின் மேல் நிற்பவை.

மதுரையிற் பிறந்தவரின் விதியும் அங்கே உண்டு. பேருந்தும் தொடர்வண்டியும் இரண்டும் ஓடின என்பது பொய்யானால், இரண்டில் ஒன்றேனும் ஓடவில்லை என்பது மெய். பேருந்தோ தொடர்வண்டியோ ஓடியது என்பது பொய்யானால், இரண்டுமே ஓடவில்லை என்பது மெய். கேட்பதற்கு இத்துணை எளிய இக்கருத்துகளைக் கொண்டே, ஒரே வகைச் சுற்றால் எல்லாச் சுற்றுகளையும் அமைத்துவிடுகின்றனர் பொறியாளர்.

தந்தை விட்டுச் சென்றவை

கணவரை இழந்த மேரி, ஐந்து பெண் மக்களுடன் இலண்டனுக்குச் சென்று ஒரு கல்லூரியில் நூலகராகப் பணியாற்றினார். குழந்தைகளுக்குக் கணிதத்தை விளையாட்டாகக் கற்பிக்கும் முறைகளைப் பற்றி நூல்கள் எழுதினார். மூன்றாம் மகள் அலிசியா பல்கலைக்கழகத்தில் பயிலாமலேயே நான்கு பரிமாண வடிவியலில் அரிய உண்மைகளைக் கண்டறிந்தார். 1914-இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. தந்தையின் கதையே மகளிடத்தும் நிகழ்ந்தது. நான்காம் மகள் லூசி வேதியியல் விரிவுரையாளரானார். கடைக்குட்டி எதல் லிலியன் எழுதிய 'தி கேட்ஃபிளை' என்னும் புதினம் சோவியத் நாட்டில் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. இரண்டாம் மகள் மார்கரெட்டின் மகன் ஜி. ஐ. டெய்லர் பெரும் இயற்பியல் அறிஞரானார்.

மூத்த மகள் மேரி எலனின் வழிவந்தவர் ஜெஃப்ரி ஹின்டன். செயற்கை நுண்ணறிவின் அடித்தளமான நரம்பணு வலைப்பின்னல் ஆய்வுக்காக 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்து பெற்றவர் இவரே. எண்ணம் என்பது அளவை விதிகளால் இயங்குவது என்று பூல் எழுதினார். விதிகளைக் காட்டிலும் பழக்கத்தால் கற்பதே அறிவின் வழி என்று எள்ளுப்பேரனின் தலைமுறை மறுத்தது. அம்மறுப்பைக் கணித்துக் காட்டும் இயந்திரமும் 0, 1 என்னும் அவ்விரண்டு எண்களாலேயே ஓடுகிறது என்பது எண்ணி இன்புறத்தக்கது.

நாம் கொள்ள வேண்டியவை

இவ்வரலாற்றைப் பட்டம் வேண்டாம் என்பதற்குச் சான்றாக எவரும் கொள்ளலாகாது. பட்டம் கிட்டாமையால் பூல் இழந்த ஆண்டுகள் பல. வழிகாட்டியின்றி அவர் பட்ட துன்பம் பெரிது. அவருக்குக் கிட்டாத வகுப்பறை நம் மாணவர்க்குக் கிட்டியிருக்கிறது. வேலைவாய்ப்புக்கு உதவும் பாடம் எது, உதவாத பாடம் எது என்று தரம் பிரித்து, அடிப்படைக் கணிதத்தையும் அளவையியலையும் தேர்வோடு கைகழுவும் போக்கு இன்று பெருகி வருகிறது. ஒருவர் கற்கும் மென்பொருள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்து போகலாம். 1854-இல் எழுதிய அடித்தளமோ இன்றும் ஒழியவில்லை. தத்துவத் துறையில் கேட்ட ஒரு பாடம் மின்பொறியியலையே மாற்றியமைத்ததை ஷானனின் வாழ்வு காட்டுகிறது. எனவே, பிற துறைப் பாடத்தைச் சுமையென மாணவர் எண்ணற்க.

ஆசிரியப் பெருமக்கள் எண்ணிப் பார்க்க வேண்டியதும் ஒன்றுண்டு. பூலுக்கு இலத்தீன் கற்பித்த புத்தக வணிகரும், ஷானனுக்கு அளவையியல் கற்பித்தவரும் தாம் இட்ட விதை எங்கு முளைக்கும் என்று அறிந்து இடவில்லை. கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவர் எழுதிய நல்ல விடையைக் கண்டு ஐயுறும் முன், லிங்கன் நகரத்து இதழில் மறுத்தெழுதிய ஆசிரியரை ஒருகணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

ஊரின் பெரியோர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. தொழிலாளர்க்கென ஒரு நூலகமும், தம் அலமாரியைத் திறந்துவிட்ட ஒரு செல்வரும், பத்தொன்பது வயது இளைஞரை மேடையேற்றிய ஒரு கழகமும் இல்லாதிருந்தால், அந்தத் தொழிலாளியின் மகன் நல்ல பள்ளி ஆசிரியராகவே வாழ்ந்து முடிந்திருப்பார். நம் தெருக்களிலும் பகலில் கடையில் நின்று, இரவில் படிக்கும் பிள்ளைகள் உள்ளனர். அவர்களுக்கு ஒரு நூலகச் சீட்டும், படிப்பதற்கு வெளிச்சமான ஓர் அறையும், ஒரு பருவத்தின் கட்டணமும் கிடைக்கச் செய்வது நம் கைக்கு எட்டிய செயலே. அதன் பயனை நாம் காணாமற் போகலாம், பூலும் காணவில்லை.